அய்யாவின் நெற்றியில் ஒரு சிங்கம்

நர்ஸிங் இரண்டாம் வருடத்தில் எங்களுக்குத் தோல் பாடம் நடந்த அந்த மாதத்தில், என் கண்ணில் பட்ட ஒருவரும் நோயில்லாமல் தப்பவில்லை. பாடம் ஆரம்பித்த நாளில் நான் சாதாரணப் பெண்ணாகத்தான் இருந்தேன். பாதி முடிவதற்குள் நடமாடும் ஆபத்தாகிவிட்டேன்.

தோல்தான் மனித உடம்பின் மிகப் பெரிய உறுப்பு என்று மேடம் ஆரம்பித்தார். வெளியே இருக்கிற கிருமியை உள்ளே விடாது, உள்ளே இருக்கிற ஈரத்தை வீணாக வெளியே விடாது, உடம்புச் சூட்டை வேர்வையால் தணிக்கும், தொட்டதையும் சுட்டதையும் மூளைக்குச் சொல்லும், வெயிலை வாங்கி வைட்டமின் டி தயாரிக்கும். ராமநாதபுரத்தில், ஊர்ப் பேச்சில் ராம்நாட்டில், கரண்ட் போன ஒரு மத்தியானம் அது. என் அறைத்தோழி எழுந்து நின்று, "வேர்வை வேலைய நாங்க நேர்லயே பாத்துட்டோம் மேடம், அடுத்ததுக்குப் போகலாம்" என்று நனைந்துபோன யூனிஃபார்ம் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அவள் வாலிநோக்கம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரி, அவளுடைய அப்பா கத்தாரில் வேலை பார்க்கிறார். "வெயில வாங்குனா வைட்டமின் மாதிரிச் சம்பளமும் கெடைச்சா, எங்க வாப்பா ஏன் மேடம் வெளிநாடு போறாங்க?" என்றும் கேட்டாள். அதற்காக வகுப்பு முடியும்வரை நிற்கவைக்கப்பட்டாள்.

பாடத்தில் வந்த நோய்களை நாங்கள் புத்தகத்தோடு விட்டுவிடவில்லை. ஹாஸ்டல் சமையல்கார அக்காவின் விரலிடுக்கில் சேற்றுப்புண், வாட்ச்மேன் அண்ணனின் இடுப்பில் படர்தாமரை, வார்டன் கழுத்தில் வேர்க்குரு என்று கண்டுபிடித்துத் தள்ளினோம். வாலிநோக்கம் உப்பளத்துக்கு முகாம் போனபோது, உப்பில் நின்று நின்று வெடித்த பாதங்களை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பார்த்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டரின் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது. சர்க்கரை வியாதி வரப்போகிறவர்களுக்கு அப்படி இருக்கும் என்று அன்று காலைதான் படித்திருந்தோம். "அண்ணே, சுகர் பாத்தீங்களா?" என்று நான் அக்கறையாகத்தான் கேட்டேன். "டிக்கெட் எடுத்தியா?" என்றார் அவர். எடுத்திருக்கவில்லை. அந்த விவகாரம் ராமநாதபுரம் வந்து சேரும்வரை ஓய்ந்தபாடில்லை.

இந்த வெறியோடு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் கமுதிக்குப் பக்கத்தில், மிளகாய்க் காடு. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யாவின் முதுகில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு தேமல் இருக்கிறது. அவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை, நாங்களும் பொருட்படுத்தியதில்லை. இப்போது நான் பொருட்படுத்தினேன். வெளிறிய படை கண்ட இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும், உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம் என்பது பாடம். அய்யாவை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். "தொடுறப்பல்லாம் தொட்டேன்னு சொல்லணும், சரியா?" என்றேன். தோளில் தொட்டேன், சொன்னார். இடுப்பில் தொட்டேன், சொன்னார். தேமலில் தொட்டேன். மூச்சே இல்லை. மறுபடியும் தொட்டேன். சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். அழுகிற நிலைக்கு வந்தபோது அய்யாவின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு.

"கூச்சம் தாங்கல தாயி. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அதை அவர் டீக்கடையில் நடித்துக் காட்டினார். நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் எனக்குப் 'பஞ்சு டாக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த தடவை உண்மையாகவே ஒரு நோயைப் பார்த்து நான் கத்தும்போது ஒருவரும் நம்பப்போவதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பேருக்காகத்தான் ரோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில், மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப்போடுகிற சமயம், அய்யாவுக்கு வலது பக்கம் மட்டும் தலைவலி என்று அம்மா போனில் சொன்னாள். வெயிலாக இருக்கும் என்றேன். நாலைந்து நாளில் மறுபடி ஒரு சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள். வழக்கம்போல முதலில் தன் காதைக் காட்டினாள், அப்புறம் கூரையைக் காட்டினாள், கடைசியில் அய்யாவைக் காட்டினாள்.

வலது நெற்றி முழுக்கச் சிவந்து, கொத்துக்கொத்தாகக் கொப்புளம். சரியாக நெற்றியின் நடுவில் வந்து நின்றுவிட்டது, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதைப் போல. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. வலது இமை வீங்கியிருந்தது. மூக்கு நுனியில் தனியாக ஒரு கொப்புளம்.

சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கினாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. ஏதாவது ஒரு நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உடம்பு தளர்கிற காலம் பார்த்து எழுந்து, அந்த நரம்பு போகிற வழியில் மட்டும் தோலுக்கு வருகிறது. அதனால்தான் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஊரில் இதற்கு அக்கி என்று பெயர். இடுப்பில் வரும், முதுகில் வரும், வலி உயிரை எடுக்கும், பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் மட்டும் கவனம், மூக்கு நுனிக்குப் போகிற நரம்புதான் கண்ணுக்கும் போகிறது என்று மேடம் கரும்பலகையில் மூக்கு வரைந்து சொல்லியிருந்தார். அந்த மூக்கு கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது என்று நானும் தோழியும் சிரித்திருந்தோம்.

"அக்கிதான், எனக்குத் தெரியாதா? காலையில எழுதிட்டா அமுந்து போகும்" என்றாள் அம்மா.

"எழுதுறதெல்லாம் வேணாம்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. கண்ணு போயிரும்."

அய்யா போனை வாங்கினார். "என்ன டாக்டரு, பஞ்சு எடுத்துட்டு வாரியா?" என்றார். கேலிதான், ஆனால் சிரிக்கவில்லை. அய்யா சிரிக்காமல் கேலி செய்து நான் பார்த்ததே கிடையாது.

மேடத்திடம் ஓடினேன். "மூக்கு நுனியிலயா?" என்று கேட்டு எழுந்து நின்றுவிட்டார். "மாத்திரை முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிரயோசனம். நாளைக்குக் கொண்டு வந்துரு. கண் டாக்டர்ட்ட நான் சொல்லி வைக்கிறேன்." என் அறைத்தோழி எனக்காகத் தொழுகையில் துவா கேட்பதாகச் சொல்லி, கூடவே வருகைப் பதிவையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டில் எதைப் பெரிய உதவியாக நினைத்தாள் என்று தெரியவில்லை.

முதல் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அய்யா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் ஒரு சிங்கத்தோடு.

அக்கி எழுதுவது என்றால் இதுதான். குயவர் தெருவில் ஒரு அக்கா, காவிக் கல்லை உரைத்துக் குழைத்து, கோழி இறகில் தொட்டு, அக்கி வந்த இடத்தில் சிங்கம் வரைவாள். மூன்று நாள் காலை, வெறும் வயிற்றில் எழுத வேண்டும். குளிக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, மூன்றாவது எழுத்து முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அய்யாவின் சிங்கத்துக்குத் தலை வலது நெற்றிப்பொட்டில் இருந்தது, உடம்பு நெற்றியில் இருந்தது, வால் மூக்கு வழியாக இறங்கி அந்த ஒற்றைக் கொப்புளத்தில் வந்து சுருண்டிருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிங்கம் கொஞ்சம் பூனைச் சாயல்.

"கெளம்புங்கய்யா, ராம்நாட்டுக்கு."

"எழுதியாச்சுத்தா. எல்ல தாண்டக் கூடாது."

"கண்ணு போயிரும்யா!"

"போன தடவ குஷ்டம்னே" என்றார். அம்மாவும் அவர் பக்கம்தான். பாதியில் முறித்தால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்று அவளுக்குப் பயம். அவளிடம் நரம்பு, கிருமி என்றெல்லாம் விளக்கினேன். "நீ சாப்டியா?" என்று கேட்டாள்.

குயவர் தெருவுக்கு நடந்தேன். சண்டை போடத்தான் போனேன். அக்கி எழுதுகிற அக்கா வாசலில் உட்கார்ந்து காவி உரைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த வேகம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. தோல் பாடம் படிக்கிறவளிடம் தோலை மறைக்கலாமா?

"கையக் காட்டுங்கக்கா."

"ஒண்ணுமில்ல புள்ள. சமையல்ல சுட்டுக்கிட்டேன்."

பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு கையிலும் விரலெல்லாம் தடித்து, வெடித்து, சில இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. ஈரமும் மண்ணும் காவியும் பட்டுப்பட்டு வந்த கரப்பான் படை. பார்த்தாலே தெரிந்தது, நாள்பட்டது. சுற்றுவட்டார ஊர்களின் தோலையெல்லாம் குணப்படுத்துகிறவள் தன் தோலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்?

"ராத்திரியெல்லாம் ஊறலு, சொறிஞ்சு மாளல. கத்தாழ தேச்சேன், வேப்பெண்ண தேச்சேன், ஒண்ணுக்கும் கேக்கல. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு என்ன சொல்லும்? இவ கையவே இவளால ஆத்த முடியல, நம்ம அக்கிய எங்குட்டு ஆத்தப்போறான்னு சிரிக்கும்ல?"

சண்டை போட வந்ததை மறந்துவிட்டேன். மூளைக்குள் ஏதோ பளிச்சென்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் இருக்காங்க. நான் கூட்டிட்டுப் போறேன். ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க எங்கய்யாவுக்கு எழுதத்தான் ராம்நாட்டுக்கு வாரீங்கன்னு ஊரு நெனைக்கும். ஆனா அய்யா வந்தாத்தான் நீங்க வர முடியும். அய்யா எல்ல தாண்ட மாட்டேங்குறாரு."

அவள் விரலைச் சொறிந்துகொண்டே யோசித்தாள். யோசித்தது கொஞ்ச நேரம்தான்.

"எழுதுன கை கூடவே வந்தா எல்ல கணக்கில்ல" என்றாள்.

"அப்படி ஒரு முறை இருக்காக்கா?"

"இப்ப இருக்கு."

எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரி மாறுவதற்கு உலகம் முழுக்க டாக்டர்கள் கூடிப் பேச வேண்டும். இங்கே ஒரு மூச்சில் முடிந்தது. நான் அந்தத் தெருவிலேயே அவள் காலில் விழுந்திருப்பேன், அவள் அவசரமாகச் சேலை மாற்றப் போய்விட்டாள்.

அய்யாவிடம் அவளே வந்து சொன்னாள். "கெளம்புண்ணே. நானும் வாரேன். ஆஸ்பத்திரிக்காரங்க என்னத்தயும் பாத்துட்டுப் போறாங்க, நம்ம எழுத்து நம்மகிட்ட." அய்யா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திறந்திருந்த ஒரு கண்ணில் சந்தேகம் இருந்தது. ஆனால் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் ஏறியது ராமேஸ்வரம் போகிற பஸ். அய்யா ஜன்னலோரம், பக்கத்தில் நான். பின் சீட்டில் காவிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. பஸ் முழுக்கச் சிங்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ராமேஸ்வரம் பக்கத்து அக்காளமடத்தில் இறங்க வேண்டிய ஒரு அம்மா, தன் மருமகனுக்கும் இடுப்பில் அக்கி என்று சொல்லி அக்காவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். என் எதிரிலேயே தொழில் விருத்தியாகிக்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அய்யா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பரமக்குடி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே கண்ணு போயிருமா?"

"சீக்கிரம் மருந்து போட்டாப் போகாதுய்யா."

"களத்துல வத்தல் கெடக்கு. நல்ல வத்தல் எது, வெளுத்த வத்தல் எதுன்னு பாத்த ஒடனே பிரிக்கிறது இந்தக் கண்ண வச்சுத்தான். இடது கண்ணு ஏற்கனவே மங்கல்."

எனக்குத் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லையாம். ஊர் முழுக்க எல்லார் தோலையும் சோதித்த எனக்கு, அய்யாவின் ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பது தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். நேராகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, அய்யாவின் நெற்றியில் சிங்கத்தோடு சிறிது நேரம் முகத்துக்கு முகம் இருந்தார்.

"இத முதல்ல சுத்தம் பண்ணுங்க. எனக்குக் கொப்புளம் தெரியணும், இமை தெரியணும். காவி கண்ணுக்குள்ள போச்சுன்னா இன்னும் கெடுதல்."

அய்யா இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டார். "தொடச்சாப் பலிக்காது சார். கண்ணப் பாருங்க, நெத்தி வேணாம்." டாக்டர் என்னைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் திரும்பி, கதவோரம் கிண்ணத்தோடு நின்ற அக்காவைப் பார்த்தேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. எல்லை தாண்டலாம் என்று முறை சொல்வது வேறு. தான் எழுதியது அழிவதை டாக்டருக்கு முன்னால் நின்று பார்ப்பது வேறு. கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே வெளியே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தள்ளு புள்ள. நான் எழுதுனத நானே அழிச்சாக் குத்தமில்ல. வேற ஆளு கை படக் கூடாது."

"நெசமாவா?" என்றார் அய்யா.

"எத்தன பேருக்கு எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா? கையை எடுண்ணே."

கையுறை போட்டுக்கொள்ளக் கொடுத்தேன். அவளுக்கு அது முதல் தடவை. போட்டுக்கொண்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வெடிப்பு ஒன்றும் தெரியவில்லை. உப்புநீரில் நனைத்த பஞ்சை நான் எடுத்து எடுத்துக் கொடுக்க, அவள் வாலிலிருந்து ஆரம்பித்துத் தலைவரை மெதுவாகத் துடைத்து எடுத்தாள். அழுத்தாதீங்க, கண்ணுப் பக்கம் வராதீங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "வாய மூடு" என்றாள் அவள்.

டாக்டர் கண்ணில் சாயச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "கருவிழியத் தொட்டிருக்கு. ஓரமாத்தான். நடுவுக்குப் போகாமப் பாத்துக்கணும்" என்றார். பார்வை தங்குமா என்று கேட்டேன். வீக்கம் வடிந்து கண் திறந்தால்தான் சொல்ல முடியும் என்றார். வேளை தவறாமல் மாத்திரை, கண்ணுக்குக் களிம்பு, வார்டில் படுக்கை.

அக்காவின் கைக்குத் தோல் டாக்டர் களிம்பு கொடுத்து, இனிமேல் ஈரத்தையும் காவியையும் வெறும் கையால் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் என்னிடம் கையுறைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். அடுத்த வாரமே அம்மா போனில் வந்தாள். ஊரில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறதாம். ராம்நாட்டில் பெரிய டாக்டரே அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டாராம், இப்போது டாக்டர் மாதிரிக் கையுறை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறாளாம், அதனால் பலன் சீக்கிரம் தெரிகிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரையில் காலை உதைத்தேன். என் பெயர் அந்தக் கதையில் எங்குமே இல்லை. அம்மா சொன்னதையெல்லாம் மேடத்திடம் கொட்டினேன், அவர் சிரித்தார். "மூஞ்சியில வந்தா இனி எழுத மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்றாங்களாமே, அது போதாதா?" என்று கேட்டார். போதும்தான். இருந்தாலும் எரிச்சல் அடங்க இரண்டு நாளாயிற்று.

அய்யாவின் கண் மட்டும் திறக்கவில்லை. கொப்புளங்கள் வற்றிப் பொருக்கு விழ ஆரம்பித்துவிட்டது, இமை மட்டும் ஒட்டியே கிடந்தது. வகுப்பு முடிந்ததும் யூனிஃபார்மோடு வார்டுக்கு ஓடுவேன். கண்ணுக்குக் களிம்பு போடுவேன். இருவரும் வத்தலைப் பற்றிப் பேச மாட்டோம். பக்கத்துப் படுக்கைக்காரரைப் பற்றியும் ஆஸ்பத்திரி இட்லியைப் பற்றியும்தான் பேசுவோம். ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய் அழுவேன்.

ஒரு சாயங்காலம் ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பீளை கரைந்து, இமை தானாகக் கொஞ்சம் விலகியது. சிவந்த கண் தெரிந்தது. தெரிகிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது. அய்யா மெதுவாக இடது கையைத் தூக்கி இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். வலது கண்ணை மட்டும் வைத்து என்னையே பார்த்தார். வார்டில் யாரோ டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்டது.

"தாடையில பரு கெளம்பியிருக்கு" என்றார். "ரெண்டு. ஒண்ணக் கிள்ளி வச்சிருக்க."

பஞ்சு என் கையிலிருந்து விழுந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுகிறதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று. அய்யா விடவில்லை.

"எங்கிட்டுத் திரும்புற? இங்கன பாரு தாயி" என்றார். "நான் இன்னும் பாத்து முடிக்கல."